"சூடாக்கினால் கரைந்துவிடும்" என்று சொல்லி விற்கிற பயோடீசல்: எச்சரிக்கை

ஜெனரேட்டருக்காகத் தாவர எண்ணெயில் தயாரித்த பயோடீசல் வாங்கினோம். பேரலைத் திறந்தபோது எண்ணெய் பளிச்சென்று தெளிவாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில், லோடு ஏறினாலே எஞ்சின் திணறி நிற்க ஆரம்பித்தது. ஃபில்டரைக் கழற்றினால் தாள் மடிப்பெல்லாம் வெளிர்பழுப்பாக ஒரு பசை. விரலில் எடுத்துத் தேய்த்தால் மெழுகுபோல வழுக்கவில்லை, மாவுபோல நெருடியது.

விற்றவரைக் கேட்டோம். "குளிருக்கு உறைந்திருக்கும், சூடாக்கினால் கரைந்துவிடும்" என்றார். வெறும் உறைவு என்றால் அவர் சொன்னது சரி. ஆனால் நன்றாகச் சூடாக்கியும் பொடி அடியில் அப்படியே கிடந்தது. சோயா எண்ணெயிலும் பாமாயிலிலும் ஸ்டெரால் குளுக்கோசைடு என்றொரு பொருள் இயற்கையாகவே உண்டு. பயோடீசலாக மாற்றும்போது அதன் கரையும் தன்மை குறைந்து, நாள்பட நுண்துகளாகப் பிரிந்து படியும். உருகுநிலை சுமார் 240 டிகிரி செல்சியஸ். தயாரிக்கும்போது உண்டாகி, சரியாகக் கழுவாததால் எண்ணெயில் தங்கும் சோப்பும் இப்படித்தான் ஃபில்டரை அடைக்கும்.

அப்புறம் பழி எங்கள் டேங்க் மேல் திரும்பியது. பயோடீசல் பழைய டேங்கின் கசடைக் கரைத்து இழுத்து வரும் என்பது உண்மைதான். ஆனால் பேரலிலிருந்து நேராக ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து மூடி வைத்திருந்தோம். டேங்க் பக்கமே போகாத அந்த எண்ணெயிலும் அதே வண்டல்! படம் எடுத்து அனுப்பினோம். அதோடு அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அவர் கொடுத்த தரச் சான்றிதழில் அடர்த்தி, பாகுநிலை, தீப்பற்றும் வெப்பநிலை மட்டும்தான். வண்டலைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் அதில் இல்லை. பயோடீசலுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி6751-படி, தயாரிப்பில் பிரிந்து மிஞ்சும் தனி கிளிசரின் 0.02 சதவீதத்தையும், முழுதாக மாறாத எண்ணெயில் இருப்பதையும் சேர்த்த மொத்த கிளிசரின் 0.24 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. குளிரவைத்து வடிகட்டும் சோதனையும் அந்தத் தரத்தில் உண்டு. 300 மில்லி எண்ணெயைச் சுமார் 4.5 டிகிரியில் 16 மணி நேரம் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் 0.7 மைக்ரான் ஃபில்டரில் வடிப்பார்கள். 360 விநாடிக்குள் வடிந்தாக வேண்டும். இந்த எண்கள், நீங்கள் வாங்கும் அதே பேட்ச் எண்ணோடு, எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்பதை ஏற்காதீர்கள்.

பேரல் இறங்கும்போதே, கொண்டுவந்தவர் கண்முன் ஒரு பாட்டில் பிடித்து, தேதி எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட் வராமல் ஒரு சொட்டுகூட டேங்கில் ஊற்றாதீர்கள்.