அரசுப் பள்ளிக்கு உதவ: முன்னாள் மாணவர் சங்கமா, மேலாண்மைக் குழுவா?

நான் படித்த அரசு நடுநிலைப் பள்ளியில்தான் இப்போது என் மகனும் படிக்கிறான். அதனால் ஒரே ஆண்டில் இரண்டு அழைப்பு வந்தது. முன்னாள் மாணவர் சங்கத்தில் பொறுப்பு எடுக்கச் சொன்னார்கள் கூடப் படித்தவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வரச் சொன்னார் தலைமையாசிரியர். இரண்டுக்கும் ஓட என்னால் முடியாது. யோசித்து மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இதே கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்கு என் கணக்கைச் சொல்கிறேன்.

எது எதைச் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கத்தில் பணம் சீக்கிரம் சேரும். வளைகுடாவில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் பேசினால் வகுப்பறைக்கு டைல்ஸ் வந்துவிடும். நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. வீட்டுக்கு ஒரு பிடி என்று பிடியரிசி சேர்த்துக் கோவிலும் பள்ளியும் எழுப்பிய ஊர்கள் இங்கே உண்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றோமே, அதன் பின்னால் இப்படிக் கொடுத்த கைகள் நிறைய.

மேலாண்மைக் குழு வேறு வகை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லி அமைந்தது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தலைமைப் பொறுப்பும் பெற்றோருக்குத்தான். தமிழ்நாட்டில் 2022இல் பள்ளிதோறும் பெற்றோரைக் கூட்டி மறுபடி அமைத்தார்கள், 2024இல் திரும்பவும் புதுப்பித்தார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதி, மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் எல்லாம் அதில் உண்டு. பணம் குறைவு, கூட்டம் அதிகம். அலுத்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒன்றே ஒன்று: பராமரிப்பு.

எங்கள் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் நல்ல மனதோடு ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரம் வாங்கித் தந்திருந்தார்கள். திறப்பு விழா நடந்தது, சுவரில் பெயர்ப் பலகையும் பதித்தார்கள். ஆனால் அந்த எந்திரத்தின் வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் சவ்வு கெட்டால் அதற்கு இன்னும் கூடுதல் காசு ஆகும். அதை யார் கொடுப்பது? வாங்கித் தந்தவர்கள் அடுத்த வேலையாகச் சுற்றுச்சுவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அது தவறு இல்லை. புதிதாக ஒன்று செய்ய அழைத்தால் காசு வரும், வடிகட்டி மாற்ற அழைத்தால் யார் கொடுப்பார்கள்? தலைமையாசிரியர் பக்கமும் சிக்கல் இருந்தது. எந்திரம் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை. ஏறாத பொருளுக்குப் பள்ளி மானியத்திலிருந்து செலவு எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும் என்று அவர் தயங்கினார். எந்திரத்தின் மேல் துணி போர்த்தி வைத்தார்கள்.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, "டீச்சர், தண்ணி வாடையடிக்கு, பிள்ள குடிக்க மாட்டேங்கான், போத்தலை அப்படியே வீட்டுக்குக் கொண்டாறான்" என்றார். அந்தப் பேச்சிலிருந்துதான் வேலை நகர்ந்தது. எந்திரத்தைப் பதிவேட்டில் ஏற்றத் தீர்மானம் போட்டோம். வடிகட்டிச் செலவை அந்த ஆண்டின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். பிளம்பிங் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஒத்துக்கொண்டார். இதற்கு யாருடைய பெரிய மனதும் தேவைப்படவில்லை. இன்று அந்தத் தண்ணீரைக் குடிக்கிற பிள்ளையின் தாய்க்கு, கேள்வி கேட்க மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் ஒரு நாற்காலியும் இருந்தது. அவ்வளவுதான். துபாயில் இருக்கும் என் நண்பனுக்குப் பள்ளி மேல் என்னைவிடப் பாசம் அதிகம். ஆனால் தண்ணீர் வாடையடிப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

மழை இன்னொரு காரணம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் நனைக்கிற மாவட்டம் இது. ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் வந்துவிடும். ஓட்டின் மேல் ரப்பர் இலையும் தென்னஞ்செத்தையும் அடைந்து கிடந்தால் தண்ணீர் திரும்பி வகுப்பறைக்குள் இறங்கும், நாலு வருடத்தில் ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் உளுத்துவிடும். மே மாதக் கடைசியில் ஓட்டின் மேல் ஏறிப் பெருக்கினால் போதும், பெரிய செலவு இல்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் அதை நினைவில் வைத்துச் செய்ய ஆள் வேண்டும். கூரையே போன பிறகு புதுக் கூரை போடச் சங்கம் வரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி பணம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை என்றால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். இருபது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் 10,000 ரூபாயை வைத்து என்ன பராமரிப்பீர்கள்? அப்படிப்பட்ட பள்ளிகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. மேலும் 2024-25இல் அந்தத் திட்டத்தின் ஒன்றிய அரசுப் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. குழு ஒன்றே போதும் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் குழுவின் கையில் பணமல்லாத பலமும் உண்டு. 2022இல் ஆசிரியர் காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பை அரசு மேலாண்மைக் குழுக்களிடம்தான் கொடுத்தது. கழிப்பறைத் துப்புரவு, பஸ் நேரம், பள்ளி வாசலில் தேங்கும் தண்ணீர், காலை உணவின் தரம் எல்லாம் தீர்மானமாகப் போனால் பதில் சொல்லியாக வேண்டிய இடத்துக்குப் போகும். சங்கத்தின் கடிதம் மனு, குழுவின் தீர்மானம் பள்ளியின் ஆவணம்.

பெரிய கட்டுமானம் என்றால் சங்கம்தான். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். அந்த ஒரு பங்கைத் திரட்டப் பெற்றோரால் முடியாது, பழைய மாணவர்களால் முடியும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாகவும் குறிப்பிட்ட பள்ளிக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும், அந்தச் சட்டத்தின்கீழ் பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழுவுக்குச் சட்டப்படி ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. நம் மாவட்டத்தில் அத்தகைய பள்ளிகள் ஏராளம், ஆகவே அங்கே என் கணக்கு அப்படியே பொருந்தாது. கடற்கரை ஊர்களில் தேவாலய நிர்வாகமான பங்குப் பேரவையின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அங்கே உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகு, ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளின் குழுவில் வார்டு உறுப்பினர் இருக்க வேண்டிய இடமும் வலுவிழந்தது. பேரூராட்சிப் பகுதியில் கவுன்சிலர் இருந்தார், அது வசதி.

கூட்ட நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிற்பகல் மூன்று மணி ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரும், காலையிலேயே வேலை முடிந்திருக்கும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் பெண்கள் வர வேண்டுமென்றால் அரைநாள் கூலி போகும். அவர்களுக்குப் பதில் எப்போதும் வீட்டிலிருக்கும் நாலு பேரே வந்தால் குழு நாலு பேரின் குழுவாகிவிடும். எங்கள் பள்ளியில் முந்தின நாள் சாயங்காலம் அவர்களிடம் ஒருவர் போய்க் கேட்டு எழுதி வருகிறார். முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் அவர்கள் சொன்னது கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது.

சங்கத்து நண்பர்களிடம் இப்போது நான் கேட்பது இரண்டு. எதை வாங்கித் தருவதானாலும் முதலில் மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு வரட்டும், வந்த அன்றே பதிவேட்டில் ஏறட்டும். அடுத்து, பொருளின் விலையில் ஒரு பகுதியைப் பழுதுச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கித் தாருங்கள். ஸ்மார்ட் வகுப்புக்கான இரண்டு டிவிக்கு இப்போது பேச்சு நடக்கிறது. இரண்டு டிவிக்குப் பதில் ஒரு டிவியும், மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தமும் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.