மெக்லவுட்: மிதிவண்டித் தடத்தைத் திருத்தி முடிக்கும் கருவி

மலைச்சரிவிலும் காட்டோரத்திலும் மிதிவண்டித் தடங்களைத் தாங்களே வெட்டிப் பராமரிக்கும் தன்னார்வக் குழுக்கள் முதன்முறையாகக் கருவி வாங்க முற்படும்போது, அவர்களுடைய பட்டியலில் மெக்லவுட் பெரும்பாலும் முதலிடத்தில் இருக்கிறது. ஒரே தலையில் ஒருபுறம் அகன்ற வெட்டுத் தகடு, மறுபுறம் தடித்த இரும்புப் பற்கள் கொண்ட வாரி, இரண்டையும் தாங்கும் நீண்ட காம்பு என்னும் அமைப்பைப் பார்ப்பவருக்கு, இது ஒன்றே எல்லா வேலைக்கும் போதும் என்று தோன்றுவது இயல்புதான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டிய தடத்தைத் திருத்தவும், சாய்வு பிடிக்கவும், இறுக்கவும் இதற்கு இணையான கைக்கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் புதிய தடத்தைத் தோண்டித் தொடங்குவதற்கு இதை நம்பி இறங்கும் குழு, பாதி நாளிலேயே தோள்வலியோடு உட்கார்ந்துவிடும்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில், சியெரா தேசிய வனத்தில் பணியாற்றிய மால்கம் மெக்லவுட் என்னும் வனக்காவலர் 1905ஆம் ஆண்டில் இதை வடிவமைத்தார். காட்டுத்தீ பரவாமல் தடுக்கும் வெறுமண் கோடுகளை விரைவாக உருவாக்குவதுதான் அவருடைய நோக்கம். பற்களால் சருகையும் இலைமக்கையும் வாரி ஒதுக்கி, தகட்டின் கூரிய விளிம்பால் புல்வேரையும் சிறு கிளையையும் வெட்டி, அடிமண்ணை வெளிக்காட்டிவிட்டால் தீயணைப்பாளருக்கு வேலை முடிந்தது. ஆழமாகத் தோண்டவேண்டிய தேவை அவருக்கு இல்லை. அதனால்தான் மேற்பரப்பில் இக்கருவி காட்டும் வேகத்தை ஆழத்தில் காட்டுவதில்லை. 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடமேற்கில் மூண்ட பெருங்காட்டுத்தீக்குப் பிறகு, எட் புலாஸ்கி என்னும் வனக்காவலரின் பெயரோடு பரவிய மற்றொரு கருவி, ஒருபுறம் கோடரியும் மறுபுறம் குறுகிய கொத்துமாகக் கடினமான மண்ணுக்கும் வேருக்கும் ஏற்றபடி அமைந்தது. புலாஸ்கி முன்னே வெட்டிக்கொண்டு போக, மெக்லவுட் பின்னே திருத்திக்கொண்டு வருவதுதான் இவ்விரண்டுக்கும் பொருத்தமான வரிசை.

மெக்லவுட்டின் உண்மையான மதிப்பு வெளிச்சாய்வு அமைக்கும்போதுதான் தெரியவருகிறது. சரிவின் குறுக்கே ஓடும் தடம் உட்புறத்திலிருந்து பள்ளத்தின் பக்கமாகச் சிறிதளவு சாய்ந்திருந்தால், மழைநீர் தடத்தின் நீளத்துக்கு ஓடி மண்ணை அரிக்காமல், மெல்லிய படலமாகக் குறுக்கே கடந்துவிடும். இதற்கு ஏறத்தாழ 5 சதவீதச் சாய்வு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது 60 செ.மீ. அகலமுள்ள தடத்தில் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட 3 செ.மீ. தாழ்ந்திருக்கவேண்டும். இது கண்ணளவில் எளிதில் பிடிபடாத அளவு; சரிவான நிலத்தில் நிற்பவரின் கண் எதையும் சமமாகவே காட்டும். ஆனால் மெக்லவுட்டின் தலையைத் தடத்தின் குறுக்கே தட்டையாக வைத்துவிட்டுக் காம்பிலிருந்து கையை எடுத்தால், அது தானாக நிமிர்ந்து நிற்கும். காம்பு எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதே தடத்தின் சாய்வைச் சொல்லிவிடும். பள்ளத்தின் பக்கமாக இலேசாகச் சாய்ந்திருந்தால் வேலை சரி, மேட்டின் பக்கமாகச் சாய்ந்தால் அங்கே நீர் தேங்கப்போகிறது என்று பொருள். மட்டப்பலகை தேடி ஓடாமல், வேலைக்கு நடுவே, சில அடிக்கு ஒருமுறை இப்படிச் சோதித்துக்கொண்டே போகலாம். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு வெளிச்சாய்வை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய தடங்களைச் செப்பனிடும்போதும் இதே தகடுதான் கைகொடுக்கிறது. சக்கரங்கள் தொடர்ந்து ஓடுவதால் தடத்தின் நடுப்பகுதி இறுகித் தாழ்கிறது. ஒதுக்கப்பட்ட மண்ணும் மேலிருந்து சரிந்து வரும் துகளும் வெளிவிளிம்பில் சிறு வரப்பாகச் சேர்கின்றன. அந்த வரப்பு நீரை வெளியேற விடாமல் அடைத்து, தடத்தையே வாய்க்காலாக்கிவிடுகிறது. வரப்பின் மீது மெக்லவுட்டின் தகட்டைப் படியவைத்துத் தன்பக்கமாக இழுத்து, இழுத்த மண்ணை நடுப்பள்ளத்தில் நிரப்பி, எஞ்சியதை வாரியால் சரிவின் கீழே பரவலாகச் சிதறிவிட்டால், ஒரே ஆள் ஒரே கருவியோடு முழுப் பழுதையும் நீக்கிவிடலாம். மண்வெட்டியாலும் இதைச் செய்யமுடியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மண்வெட்டியின் வளைந்த முகம் தடத்தில் சிறுசிறு குழிகளை விட்டுவிடுவதால், பின்னால் ஒருவர் வாரியோடு வரவேண்டியிருக்கிறது.

மூன்றாவது பயன் இறுக்குதல். காம்பைச் செங்குத்தாகப் பிடித்துத் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டால் திமிசுக்கட்டையின் வேலையை மெக்லவுட் செய்துவிடும். மண் பதமான ஈரத்தோடு இருக்கவேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், ஆனால் விரலிடுக்கில் சேறாகப் பிதுங்கக் கூடாது. உலர்ந்த மண்ணை எவ்வளவு அடித்தாலும் முதல் சில சக்கரங்களிலேயே அது பொடியாகிவிடும். இங்கே வடிவமைப்பில் ஒரு குறையைச் சொல்லியாகவேண்டும். காம்பைத் தலையோடு இணைக்க அடியிலிருந்து போல்ட் முடுக்கும் வகைகளில், போல்ட்டின் தலை தகட்டுக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கிறது. தோண்டும்போதும் வாரும்போதும் இது உறுத்துவதில்லை. இறுக்கும்போதோ ஒவ்வொரு அடிக்கும் தடத்தில் ஒரு தழும்பை விட்டுச்செல்கிறது, நிமிர்த்தி வைத்துச் சாய்வு பார்க்கும்போதும் காம்பு பொய் சொல்கிறது. அடிப்பகுதி முழுவதும் மட்டமாக இருக்கும்படி பற்றவைக்கப்பட்ட தலைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தடவேலைக்கு வாங்குபவர்கள் முதலில் கருவியைத் தலைகீழாகத் திருப்பி இதைத்தான் பார்க்கவேண்டும்.

குறைகளில் பெரியது, பாறையிலும் இறுகிய களிமண்ணிலும் இது தோற்றுப்போவதுதான். அகன்ற விளிம்பு மண்ணில் இறங்குவதற்கு மாறாக மேலே மோதித் துள்ளுகிறது. அந்த அதிர்வு நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. கல்லைப் பற்களால் நெம்ப முயன்றால் கல் அசையாது, பல் வளையும். அதற்குக் கடப்பாரை இருக்கிறது. ஈரக் களிமண்ணில் பற்களுக்கு நடுவே மண் அப்பிக்கொண்டு வாரியே தகடாகிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் தடத்திலிருந்து எல்லோரும் வெளியேறிவிடுவதே தடத்துக்கு நல்லது.

கருவியின் மீது முழுப்பழியையும் சுமத்தமுடியாத வேறொரு குறையும் இருக்கிறது. மெக்லவுட்டால் சருகை வாருவது மிக இன்பமான வேலை. சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைத்துவிடும். அந்த உற்சாகத்தில் புதியவர்கள் தடத்துக்கு வெளியேயும் ஒரு முழம், இரண்டு முழம் என்று வாரிக்கொண்டே போய்விடுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக ஓட்டிச்செல்ல வேண்டிய குறுகிய தடம், இரண்டு பருவத்துக்குள் வண்டிப்பாதையாகிவிடுகிறது. இலைமக்கு போன இடத்தில் மண் நேரடியாக மழையை வாங்குகிறது. வேலை தொடங்குமுன் தடத்தின் இருபுறமும் சிறு கொடிகளை நட்டு எல்லையைக் காட்டிவிடுவது, பிறகு யாரையும் கடிந்துகொள்ளாமல் இருக்க உதவும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, தோளில் சாய்த்துச் சுமக்கக் கூடாத கருவி இது. சறுக்கினால் கருவியின் தலை கழுத்துக்கு மிக அருகில் இருக்கும். காம்பைக் கருவியின் தலைக்குச் சற்றுப் பின்னால் பிடித்து, உடலின் பக்கவாட்டில், பள்ளத்தின் பக்கமுள்ள கையில் தாழ்த்திச் சுமப்பதே முறை. விழ நேர்ந்தால் கருவியைப் பள்ளத்தின் பக்கம் எறிந்துவிடலாம். கீழே வைக்கும்போது பற்கள் மண்ணை நோக்கியிருக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலானோர் ஒருமுறை சொன்னாலே புரிந்துகொள்கிறார்கள்.

தடத்தின் தொலைதூரப் பகுதிக்கு மிதிவண்டியிலேயே சென்று வேலை செய்பவர்களுக்கு வழக்கமான மெக்லவுட் பொருந்தாது. நீளமான காம்பையும் பற்களையும் முதுகுப்பையில் கட்டிக்கொண்டு ஓட்டுவது, பின்னால் வருபவருக்கும் விழுந்தால் ஓட்டுபவருக்குமே ஆபத்து. தலை கழன்றுவரும் வகைகளும், காம்பே இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரியும் வகைகளும் இதற்காகவே விற்கப்படுகின்றன. தலையைத் தடித்த உறையில் போட்டுப் பையின் அடியில் வைத்துக்கொள்ளலாம். எனினும் பிரியும் இணைப்பு எதுவாக இருந்தாலும் காலப்போக்கில் சற்றே ஆடத் தொடங்கும் என்பதால், சுமந்துசெல்லும் தேவை இல்லாத குழுக்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பராமரிப்பு எளிது, ஆனால் குழுவின் பொதுச்சொத்து என்பதாலேயே பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டி எடுத்து, கழுவி, துடைத்து உலரவைக்கவேண்டும். இது துருவைத் தடுப்பதற்காக மட்டும் அன்று. மரங்களின் வேரை அழுகச்செய்யும் பைட்டாப்தோரா போன்ற நோயுயிரிகளும் களைகளின் விதைகளும், கருவியிலும் காலணியிலும் டயரிலும் ஒட்டிய மண்ணோடுதான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் பயணிக்கின்றன. எனவே தட வேலைக்கு வந்த மிதிவண்டிகளின் டயர்களையும் அதே இடத்தில், அதே தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புவது இரட்டைப் பயன் தரும். மிதிவண்டியை உயரழுத்த நீரால் பீய்ச்சிக் கழுவும் ஆசை மட்டும் வேண்டாம். அது சக்கர அச்சு போன்ற சுழலும் பகுதிகளின் தாங்கிகளுக்குள் (பேரிங்) புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். வாளி நீரும் தூரிகையும் போதும்.

தகட்டின் விளிம்பைத் தட்டை அரத்தால் தீட்டவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் சுமார் 45 பாகைச் சாய்வு வைத்து, அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்கிவிடுவது நான் பின்பற்றும் முறை. சவரக்கத்தியின் கூர்மை இதற்குத் தேவையில்லை. மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடிந்துவிடும். மரக்காம்பு சொரசொரப்பானால் உப்புத்தாளால் தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடவேண்டும். வார்னிஷ் பூசிய காம்பு பார்க்க அழகாக இருக்கும். கையில் கொப்புளம் எழுப்புவதும் அதுதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது பெருந்தவறு. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றோடு வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடுகிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, தானாகவே தீப்பற்ற முடியும். துணியை வெளியில் விரித்து முழுவதும் உலரவிட்ட பிறகே அப்புறப்படுத்தவேண்டும்.

இந்த எண்ணெய் வேலையை மிதிவண்டிகளுக்கு அருகில் வைத்துக்கொள்ளாதிருப்பதும் முக்கியம். டிஸ்க் பிரேக்கின் ரோட்டரில், அதாவது சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டில், எண்ணெய் பட்ட விரல் பட்டாலே பிடிமானம் குறையும், பிரேக் அலறத் தொடங்கும். ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்டுவிடலாம்; அதை அழுத்திப் பிடிக்கும் பேடுகள் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் அவற்றை மாற்றுவதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. கருவியின் தலைக்குத் துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பவர்களும் தெளிப்பானைத் துணியில் அடித்துக்கொண்டு, அந்தத் துணியால் தகட்டைத் துடைப்பது நல்லது. காற்றில் பறக்கும் துளிகள் எங்கே போய் உட்காரும் என்று சொல்லமுடியாது.

வாங்கப்போகும் குழுவுக்கு என் கணக்கு இதுதான்: பத்துப் பேர் வேலைக்கு வந்தால் இரண்டு மெக்லவுட், அதிகம் போனால் மூன்று. மற்றவர்கள் கையில் புலாஸ்கியோ, கனமான கொத்தோ, மண்வெட்டியோ இருக்கட்டும். மண் முழுவதும் பொலபொலவென்று இருக்கும் காடுகளில் மட்டும் இந்த விகிதத்தை மாற்றலாம். கண்ணாடியிழைக் காம்பு மழையில் கிடந்தாலும் அழுகாது, ஆனால் வெயிலில் நெடுங்காலம் கிடந்தால் இழை பிரிந்து உள்ளங்கையில் குத்தும். நான் மரத்தையே தேர்ந்தெடுக்கிறேன். கடையில் காம்பின் முனையைப் பார்த்தால் மரத்தின் ஆண்டுவரிகள் தெரியும். அவை கருவியை வீசும் திசைக்கு இணையாக ஓடினால் காம்பு அடியைத் தாங்கும். வரிகள் குறுக்கே ஓடும் காம்பையும், இழை நடுவழியிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடும் காம்பையும் அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் பாருங்கள்.