நடு மடிப்பில் மறைந்த நீர்மூழ்கிக் கப்பல்: ஒரு பாண்ட் ரசிகர் இதழும் அதன் சந்தாதாரரும்

ஜேம்ஸ் பாண்ட் திரைப்பட வரிசைக்கென்றே ரசிகர்கள் நடத்தும் ஆங்கில இதழ் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகச் சந்தா செலுத்தி வருகிறேன். அதன் பழைய இதழ்களின் விலையை அண்மையில் குறைத்திருக்கிறார்கள். அவற்றை மொத்தமாக வாங்கிவிட்டுச் சந்தாவும் கட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். இதழின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை இத்தகைய இதழ்கள் பலவற்றுக்கும் பொருந்தும். ஏ4 அளவு, வழவழப்பான ஆர்ட் பேப்பர், பசை வைத்து ஒட்டிய தட்டையான முதுகு என்பவையெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்தவைதாம்.

முதலில் இந்த இதழின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2021இல் வெளியான ‘நோ டைம் டு டை’, பாண்ட் படங்களைத் தயாரித்துவந்த இயான் நிறுவனத்தின் 25ஆவது பாண்ட் படம். அதற்குப் பிறகு புதிய படம் வரவில்லை. 2025 பிப்ரவரியில் படைப்பு உரிமைக் கட்டுப்பாடு அமேசான் எம்ஜிஎம் வசம் சென்றது முதல், அடுத்த பாண்ட் யார் என்ற ஊகங்களே எங்கும் செய்தியாக வலம் வருகின்றன. இந்த இதழ் அந்த ஊகங்களுக்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கியதில்லை. படம் வராத காலத்தைப் படங்களை உருவாக்கியவர்களைப் பற்றி எழுதுவதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் அரங்குகளுக்கான வரைபடங்களை வரையும் வரைவாளராகச் சேர்ந்து, 2006இன் ‘கேசினோ ராயல்’ வரை ஏறக்குறைய ஒவ்வொரு பாண்ட் படத்திலும் உழைத்த பீட்டர் லமான்ட், இடையில் ஒரே ஒரு படத்தை விட்டது ‘டைட்டானிக்’ படத்திற்காக என்பதும், அதற்கு அவர் ஆஸ்கர் பெற்றார் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால், ஒரு வரைவாளர் நாள் முழுவதும் என்ன வரைகிறார், அந்த வரைபடம் தச்சர்களின் கைக்குப் போனபின் எப்படி மாறுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக விளக்கிய வேறொரு இதழை நான் வாசித்ததில்லை.

‘தி மேன் வித் த கோல்டன் கன்’ படத்தில், உடைந்த பாலத்தின் மேல் ஒரு கார் காற்றிலேயே ஒரு முழுச் சுழற்சி சுழன்று மறுகரையில் இறங்குவதைப் பாண்ட் ரசிகர் எவரும் மறந்திருக்க மாட்டார். அந்தப் பாய்ச்சல் அமெரிக்காவின் கார்னல் வான்பொறியியல் ஆய்வகத்தில் கணினியில் கணக்கிடப்பட்டதையும், எடை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓட்டுநர் இருக்கையையும் ஸ்டியரிங்கையும் காரின் நடுவுக்கு மாற்றியதையும், தாய்லாந்தில் ஒரே டேக்கில் அது நிறைவேறியதையும் இந்த இதழ் படிப்படியாக விவரித்தது. அதோடு நிற்காமல், அந்த அரிய சாதனையின் மேல் ஒரு விசில் ஒலியைச் சேர்த்து அதைக் கோமாளித்தனமாக்கியது பிழை என்று, இசையமைத்த ஜான் பாரியின் மீது தனக்குள்ள மதிப்பைக் குறைத்துக்கொள்ளாமலேயே எழுதியது. ரசிகர் இதழ் என்றால் புகழ்ந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு கட்டுரையைக் காட்டினால் போதும்.

என் கோபம் எழுத்தின் மேலன்று, படங்களை அச்சிடும் முறையின் மேல். இந்த இதழ் தன்னிடமுள்ள மிகச் சிறந்த புகைப்படங்களையெல்லாம் இரண்டு பக்கங்களில் பரப்பி அச்சிடுகிறது. பசை ஒட்டிய முதுகுடைய எந்த இதழும் முழுமையாக மலர்ந்து விரியாது. நடு மடிப்பில் இரு பக்கமும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. அழுத்தி விரித்தால் பசை விட்டுப்போய்த் தாள் கழன்றுவிடுகிறது. ஒரு நிலக்காட்சிப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் தொலைந்தால் பெரிய இழப்பில்லை. பாண்ட் படங்களின் அரங்குகளில் அப்படி அன்று, ஏனெனில் அவற்றில் பலவற்றின் அரங்க வடிவமைப்பாளரான கென் ஆடம் தன் பெரிய அரங்குகளில் கண்ணை நேராக நடுவுக்கு அழைத்துச் செல்பவர். ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்திற்காக இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தின் திறந்தவெளியில் அவர் எழுப்பிய எரிமலை அரங்கு, ‘டாக்டர் நோ’ படம் முழுவதற்கும் ஆன செலவுக்கு ஏறக்குறைய ஈடான தொகையை விழுங்கியது. அதன் உயிர் நடுவிலுள்ள ஏவுதளமும் ராக்கெட்டும்தான். இதழில் அந்த ராக்கெட் மடிப்புக்குள் போய், ஒரு பக்கத்தில் பாதி மூக்கும் மறுபக்கத்தில் ஏணியின் ஒரு துண்டும் மட்டும் தெரிகின்றன.

இதை விடவும் வருத்தியது ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ சிறப்பிதழ். கடத்தப்பட்ட மூன்று அணுசக்தி நீர்மூழ்கிகளையும் உள்ளே நிறுத்தி வைத்திருக்கும் எண்ணெய்க் கப்பலின் வயிற்றுப் பகுதியைக் கட்டுவதற்கு அன்றிருந்த எந்தப் படப்பிடிப்புத் தளமும் போதவில்லை. எனவே அந்த அரங்குக்காகவே பைன்வுட்டில் 007 தளம் கட்டப்பட்டு, 1976 டிசம்பர் 5 அன்று முன்னாள் பிரதமர் ஹரால்ட் வில்சன் முன்னிலையில் திறக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் க்ளோட் ரென்வாரின் பார்வை மங்கிவந்த நிலையில், அவ்வளவு பெரிய இடத்துக்கு எப்படி ஒளி அமைப்பது என்று கவலையுற்ற ஆடம், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கை ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இரகசியமாக அழைத்துவந்து ஆலோசனை கேட்டார். அதே படத்தில் ஜாஸ் பாத்திரத்தின் எஃகுப் பற்களை வடிவமைத்தவர் குப்ரிக்கின் வளர்ப்பு மகள் கேத்தரினா. இவற்றையெல்லாம் அந்தச் சிறப்பிதழ் மனம் நிறையும்படி எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அந்த அரங்கின் முழுக் காட்சி, இரண்டு பக்கங்களில். மூன்று நீர்மூழ்கிகளில் இடப்புறத்தது இருக்கிறது, வலப்புறத்தது இருக்கிறது, நடுவிலிருப்பது மடிப்புக்குள் காணாமற்போயிருக்கிறது. கப்பல்களை விழுங்கும் கப்பலைப் பற்றிய கட்டுரையில் இதழே ஒரு கப்பலை விழுங்கிவிட்டதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த 007 தளம் 1984 ஜூனில் தீக்கிரையானது. மீண்டும் எழுப்பப்பட்டு, பாண்ட் படத் தயாரிப்பாளர் ஆல்பர்ட் ஆர். ப்ரோக்கலியின் பெயரைத் தாங்கிய தளமும் 2006 ஜூலையில் எரிந்துபோனது. அரங்குகள் படம் முடிந்ததும் பிரிக்கப்படுபவை; இங்கோ அரங்கைத் தாங்கிய கட்டடமும் இல்லை. ஆகவே இந்தப் புகைப்படங்களே எஞ்சியிருக்கும் சான்றுகள். ஒரு சான்றின் நடுப்பகுதியை மறைத்து அச்சிடுவது அழகியல் சார்ந்த சிறு குறை என்று என்னிடம் எவரும் சொல்ல முடியாது.

வடிவமைப்பாளர் ஏன் இப்படிச் செய்கிறார் என்பதும் எனக்குப் புரிகிறது. படப்பிடிப்புத் தளத்தில் 35 மில்லிமீட்டர் கேமராவில் எடுக்கும் புகைப்படத்தின் அகலம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. விரித்த ஏ4 இரட்டைப் பக்கத்தின் அகலமும் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு என்பதால், படம் அதில் பெரிதாக எதையும் வெட்டாமலேயே பொருந்திவிடுகிறது. திரைப்படத்தின் சட்டகத்தை அப்படியே அச்சிட நினைத்தால் சிக்கல் இன்னும் கூடும். 1965இன் ‘தண்டர்பால்’ முதல் பெரும்பாலான பாண்ட் படங்கள் அகலத்திரையில் எடுக்கப்பட்டவை, 2.35க்கு 1 என்ற அந்த விகிதத்தை ஒற்றைப் பக்கத்தில் அடக்கினால் உயரம் ஒன்பது சென்டிமீட்டர்கூட வராது. அகலத்திரையின் பிரம்மாண்டத்தை ஒரு பட்டையாகச் சுருக்க எவருக்கும் மனம் வராது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாரிஸ் பைண்டர் உருவாக்கிய துப்பாக்கிக் குழல் தொடக்கக் காட்சிக்கே இந்த அகலத்திரை மாற்றம் வேலை வைத்தது. முதல் மூன்று படங்களில் சண்டைப் பயிற்சியாளர் பாப் சிம்மன்ஸ் நடந்துவந்து சுட்ட அந்தக் காட்சியை, திரை விகிதம் மாறியதால், ‘தண்டர்பால்’ படத்திற்காக ஷான் கானரியை வைத்துப் புதிதாகப் படமாக்கினார்கள். இதைத் தெளிவாக எழுதிய அதே கட்டுரையில், குழலின் வட்டத்தை இரட்டைப் பக்கத்தில் போட்டு, திரையின் நடுவில் நின்று திரும்பிச் சுடும் மனிதரை மடிப்பில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. இதழைச் சென்டர் பின் அடித்து வெளியிட்டால் நடுப்பக்கமாவது முழுமையாக விரியும். முக்கியமான அரங்குப் படத்தை அங்கே வைக்கலாம். பக்கங்கள் அதிகம் என்பதால் பின் அடிக்க இயலாது என்றால், மடிப்புக்குள் போகும் பகுதியைச் சில மில்லிமீட்டர் அளவுக்கு இரு பக்கங்களிலும் திரும்ப அச்சிடுவது அச்சுத்துறையில் எல்லோரும் அறிந்த வழிதான். அதுவும் வேண்டாமென்றால் படத்தை ஒரு பக்கமாகச் சற்று நகர்த்தி, நடுப்பொருள் மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். இவற்றை விளக்கி ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். பண்பான பதில் வந்தது. இரட்டைப் பக்கப் படங்களே வாசகர்களுக்கு மிகவும் பிடித்தவை என்றும், என் கருத்தைக் கவனத்தில் கொள்வதாகவும் அதில் இருந்தது. அடுத்து வந்த இதழில் ‘கோல்ட்ஃபிங்கர்’ தங்கக் கிடங்கு, மறுபடியும் இரண்டு பக்கங்களில். அமெரிக்க அரசின் தங்கம் இருக்கும் ஃபோர்ட் நாக்ஸின் பெட்டகத்துக்குள் அனுமதி கிடைக்காததால், தங்கக் கட்டிகளைக் கூரைவரை அடுக்கிக் கம்பிச் சிறைக்குள் வைத்ததுபோல ஆடம் தன் கற்பனையிலிருந்து படைத்த அரங்கு அது. மனிதர் ஒருவர் உண்மையில் பார்க்க முடியாததைக் கற்பனையில் பார்த்து நமக்குக் காட்டினார். அதை நாம் முழுமையாகப் பார்க்க முடியவில்லை.

மற்றக் குறைகளைப் பெரிதுபடுத்த எனக்கு விருப்பமில்லை. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போகும். அஞ்சல் செலவு இதழின் விலையை நெருங்கும். கருப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்துகளில் சில பக்கங்கள் வரும்; நல்ல வெளிச்சத்தில் வாசித்துவிடலாம். ரசிகர்கள் தம் ஓய்வு நேரத்தில் உருவாக்கும் ஒன்றில் இவற்றை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

மாறாக, குறுக்கே படம் பரப்பாத கட்டுரைகளில் இந்த இதழ் எத்தகைய உயரத்தைத் தொடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படத்திற்காகக் கனடாவின் பாஃபின் தீவிலுள்ள அஸ்கார்ட் மலை உச்சியிலிருந்து 1976இல் சாகசக் கலைஞர் ரிக் சில்வெஸ்டர் பனிச்சறுக்குப் பலகைகளோடு பாய்ந்து, பாராசூட்டை விரித்த காட்சியைப் பற்றிய கட்டுரையில், படங்கள் யாவும் நெடுக்குவாட்டில் ஒற்றைப் பக்கங்களில் அமைந்திருந்தன. அவர் கழற்றிவிட்ட பலகைகளில் ஒன்று விரியும் பாராசூட்டை உரசிச் சென்ற கணத்தை விளக்கிய வரிகளை, திரையில் பலமுறை பார்த்திருந்தும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தேன். ‘ஆக்டோபஸி’ படத்தின் உதய்ப்பூர்ப் படப்பிடிப்பைப் பற்றிய இதழும் அப்படித்தான். சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே பாண்டின் இந்தியத் தோழராக நடித்ததை ஒரு விநோதக் குறிப்பாக ஒதுக்காமல், ஒரு நடிகரின் பங்களிப்பாகவே மதித்து எழுதியிருந்தார்கள். ஆட்டோ ரிக்‌ஷா துரத்தலில் அவர் டென்னிஸ் மட்டையால் அடிக்கும் நகைச்சுவை எங்கே பொருந்தியது, எங்கே மிகையானது என்பதுவரை அலசியிருந்தார்கள்.

இவ்வளவும் சொன்னபின், சந்தா கட்டுங்கள் என்று நான் எழுதுவேன் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். பாண்ட் படங்களைப் பற்றி இதைவிட நேர்மையாகவும் ஆழமாகவும் எழுதும் இதழை நான் அறியேன் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் இந்த முறை சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இதழ்களில் சண்டைப் பயிற்சியாளர்கள், படத்தொகுப்பாளர்கள், இசைக்கலைஞர்கள் ஆகியோரின் பேட்டிகள் வந்தவற்றைத் தயங்காமல் வாங்குங்கள். அரங்க வடிவமைப்புச் சிறப்பிதழ்களை, விலை எவ்வளவு குறைந்தாலும், விட்டுவிடுங்கள். சந்தாவைப் பொறுத்தவரை, நடு மடிப்பில் எதுவும் தொலையாத ஓர் அரங்குப் படத்தை அவர்கள் அச்சிட்டுக் காட்டும்வரை வேண்டாம்.