பனிக்காலத்தில் கார் ஏசி: அணைத்து வைப்பதா, ஓட விடுவதா?

குன்னூரில் கார்த்திகை பிறந்துவிட்டால் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். பங்குனி வரை ஏசி பட்டனைத் தொடவே மாட்டேன் என்பது ஒரு கட்சி. குளிரோ மழையோ, வாரம் ஒருமுறையாவது பத்து நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது இன்னொன்று. எங்கள் வீட்டிலேயே இரண்டும் உண்டு. பெரியப்பா முதல் கட்சி. “குளிர்ல எவனாவது ஏசி போடுவானாடா?” என்பார். நான் இரண்டாவது. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

அணைத்து வைப்பதன் லாபங்களைச் சட்டென்று சொல்லிவிடலாம். பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். சின்ன எஞ்சின் கார் என்றால் பர்லியாறு தாண்டி ஏறும்போது இழுவை தெரியும். உள்ளே கதகதப்பு வேண்டுமென்றால் ஹீட்டர் இருக்கிறது. அது எஞ்சின் கூலண்டின் சூட்டில் ஓடுவது, ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவ்வளவும் உண்மை, மறுப்பதற்கில்லை.

எனக்கு விஷயம் ஒரே இடத்தில்தான் முடிவானது: கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல்.

வீட்டு ஃபிரிட்ஜில் பதினைந்து வருடம் ஆனாலும் பெரும்பாலும் யாரும் கேஸ் ஏற்றுவதில்லை. அதில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டு வைத்து மூடப்பட்டிருக்கும்; வெளியே வருவது வெறும் குழாய்களும் கரண்ட் வயரும்தான். பெட்ரோல், டீசல் காரில் அப்படிச் செய்ய வழியில்லை. எஞ்சின் பெல்ட்தான் கம்ப்ரசரைச் சுழற்ற வேண்டும் என்பதால், அழுத்தத்தில் கேஸ் அடைபட்டிருக்கும் கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு தண்டு வெளியே நீண்டிருக்கும். சுழலும் அந்தத் தண்டைச் சுற்றிக் கேஸ் கசியாமல் பிடித்திருப்பது ஒரு சின்ன சீல். அதன் உதடு எண்ணெய்ப் பசையோடு இருக்கும்வரைதான் ஒழுங்காகப் படியும். அந்த எண்ணெய்க்கென்று தனி பம்பு எதுவும் கிடையாது; கேஸோடு கலந்து குழாய் முழுவதும் சுற்றிவருவதுதான். கம்ப்ரசர் ஓடினால் எண்ணெய் சுற்றும். நாலு மாதம் நிறுத்திவைத்தால் எண்ணெய் தாழ்ந்த இடங்களில் தங்கிவிடும், சீல் காயும், தண்டின்மேல் ஒட்டிக்கொண்டு இறுகும். பங்குனியில் முதல்முறை ஏசி போடும்போது அந்தக் காய்ந்த உதட்டில்தான் தண்டு உரசும். குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகளுக்கும் இதே கதி.

பெரியப்பா காரில் வெயில் காலம் தொடங்கும்போதெல்லாம் கேஸ் ஏற்றுவது வழக்கமாகிப்போனது. கடைசியாக மெக்கானிக் கம்ப்ரசர் முகப்பைத் துணியால் துடைத்துக் காட்டினார். புல்லிக்குப் பின்னால் பிசுபிசுவென்று எண்ணெய்க் கறை, அதில் தூசி அப்பியிருந்தது. “சீல் போயிருச்சுங்க சார். கேஸ் மட்டும் போட்டா மறுபடி இறங்கிரும்.” என் காரில் அந்த இடம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது. இரண்டு காரை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்று தெரியும்; அவருடையது வயதில் மூத்தது, ஓட்டமும் அதிகம். ஆனாலும் பல கார்களின் கையேட்டிலேயே, குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறையாவது சில நிமிடம் ஏசியை ஓட்டச் சொல்லியிருப்பார்கள். செலவு ஒருபுறம் இருக்கட்டும். கசிந்துபோகும் ஆர்134ஏ கேஸ், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. வருடாவருடம் அதை மலைக்காற்றில் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

ஓடவிடும் கட்சிக்குப் புதிதாக வருபவர்கள் பயப்படும் விஷயம் ஒன்று உண்டு. தை மாதக் காலையில், ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருக்கும் நேரத்தில் ஏசி பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், கம்ப்ரசர் சேராது. அது பழுதல்ல. குளிரக் குளிர உள்ளே கேஸின் அழுத்தம் இறங்கும்: 30 டிகிரியில் ஏறத்தாழ 7.7 பார் இருப்பது 0 டிகிரியில் 3 பாருக்கும் கீழே போய்விடும். கேஸ் குறைவு என்று நினைத்து பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரைத் தடுத்துவிடும். மதியம் வெயில் ஏறியபின் போட்டுப் பாருங்கள், கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’கென்று சேரும் சத்தம் கேட்கும். அந்தப் பத்து நிமிடமும் நடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஏசியைப் போட்டு, வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் சூடான, ஈரமில்லாத காற்று வரும்.

அந்த ஈரமில்லாத காற்றுதான் மலைப்பாதையில் பெரிய உதவி. நனைந்த ஸ்வெட்டரோடு பிள்ளைகள் ஏறியதும் முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துப்போகும். துணியால் துடைத்துக்கொண்டே ஹேர்பின் வளைவு திருப்புகிறவர்களைப் பார்த்தால் பகீரென்கிறது. ஏசியின் கூலிங் காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக வடித்துவிடுவதால், ஏசியும் சூடும் சேர்ந்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் கண்ணாடி சீக்கிரம் தெளியும். பல கார்களில் முன்கண்ணாடி டிஃபாக் பட்டனை அழுத்தினாலே கம்ப்ரசரும் தானாக ஓடத் தொடங்கும். பெரியப்பா கட்சியில் பாதிப் பேர் தங்களுக்கே தெரியாமல் எங்கள் கட்சியில் இருக்கிறார்கள்!

எங்கள் பக்கத்துக் குறை ஒன்று. ஓடி முடித்தபின் கூலிங் காயில் ஈரமாகவே நின்றால் பூஞ்சை பிடித்து நாறும். வண்டியை நிறுத்த இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்து, ப்ளோயரை மட்டும் ஓடவிட வேண்டும். கேபின் ஃபில்டரைத் தட்டிப் பார்ப்பது, வைப்பருக்குக் கீழே அடையும் சருகை அள்ளுவது எல்லாம் இரண்டு கட்சிக்கும் பொது.

கிளட்ச் இல்லாத புதுவகை கம்ப்ரசர் உள்ள கார் என்றால் என் வாதத்தின் வலு கொஞ்சம் குறையும். எஞ்சின் ஓடும்போதெல்லாம் அதுவும் சுழன்றுகொண்டே இருக்கும். ஏற்கெனவே கேஸ் கசியும் வண்டி என்றால் பெரியப்பா சொல்வதுதான் சரி: சரிசெய்யும்வரை அணைத்தே வையுங்கள். கேஸ் குறைந்தால் கம்ப்ரசருக்குத் திரும்பும் எண்ணெயும் குறையும். அப்படியே ஓட்டினால் கம்ப்ரசரே இறுகிப்போகலாம்.

உங்கள் வண்டியில் கேஸ் குறைந்திருக்கிறதா என்று தெரிய, வெயில் நேரத்தில் ஏசியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு எஞ்சினை அணையுங்கள். பானெட்டைத் திறந்து, கேபின் பக்கம் போகும் இரண்டு அலுமினியக் குழாய்களைத் தொடுங்கள். தடித்தது சில்லென்றும் மெல்லியது வெதுவெதுப்பாகவும் இருந்தால் கவலையில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். ஆனால் “கேஸ் மட்டும் தட்டிவிடுங்க” என்று சொல்லாதீர்கள். லீக் எங்கே என்று முதலில் பார்க்கட்டும். அதைச் சரிசெய்து, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வேக்கம் பிடித்து, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தபின், பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்றட்டும்.