லிப்ரே ஆபிஸா, ஓப்பன் ஆபிஸா?

கோத்தகிரியில் நான் நடத்தும் டைப்பிங் கடையில் மூன்று கணினிகள். மூன்றிலும் கடிதம், கணக்கு அட்டவணை தயாரிக்கப் பல வருடங்களாக அப்பாச்சி ஓப்பன் ஆபிஸ் மென்பொருள்தான். போன மாதம் இரண்டை அதே வேலை செய்யும் லிப்ரே ஆபிஸுக்கு மாற்றிவிட்டேன்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஓப்பன் ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனதும், ஓப்பன் ஆபிஸில் உழைத்த பலர் அதே ஆண்டு செப்டம்பரில் தனிக்குடித்தனம் போய் லிப்ரே ஆபிஸைத் தொடங்கினார்கள். பழைய வீடான ஓப்பன் ஆபிஸை ஆரக்கிள் 2011இல் அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. இரண்டும் இலவசம், முகஜாடையும் ஏறக்குறைய ஒன்றே.

என் முடிவைத் தீர்மானித்தது உரிமம்தான், அதாவது மென்பொருளின் நிரலை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரே ஆபிஸ் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபிஸின் நிரலோ மொசில்லா பொது உரிமத்தில் வருவது. மாற்றி எழுதினாலும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். அதை அப்பாச்சி தன் மூலநிரலில் சேர்ப்பதில்லை. சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி எங்கள் ஊர் வழியாக இறக்குவார்களே, அந்த மாதிரி ஒருவழிப் பாதை. 2013இல் ஓப்பன் ஆபிஸ் 4.0 கொண்டுவந்த பக்கப்பட்டை (திரையோரம் கருவிகளைக் காட்டும் பகுதி) லிப்ரே ஆபிஸுக்கும் வந்து சேர்ந்தது. லிப்ரேயில் செய்த திருத்தங்களுக்கு எதிர்த்திசையில் வழி இல்லை.

போகப் போக அந்த ஒருவழியிலும் புதர் மண்டிவிட்டது. மூலநிரல் ஜெர்மனியில் பிறந்தது என்பதால் உள்ளே ஏகப்பட்ட ஜெர்மன் குறிப்புகள்; லிப்ரே குழு அவற்றை ஆங்கிலமாக்கி, பயன்படாத செத்த நிரலையும் வெட்டி எறிந்தது. அதனால் ஓப்பன் ஆபிஸுக்கு எழுதிய திருத்தம் லிப்ரேயில் அப்படியே ஒட்டாது.

பராமரிப்பில் இதன் விளைவு தெரிகிறது. ஓப்பன் ஆபிஸ் 2014 முதல் 4.1 வரிசையிலேயே நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பைத் திறக்கும், ஆனால் அந்த வடிவில் சேமிக்காது. விண்ணப்பங்களை அந்த வடிவில் கேட்கும் வாடிக்கையாளர்களிடம் நான் என்ன சொல்வது? லிப்ரே ஆபிஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் தருகிறது. 2017இல் வந்த 5.3 முதல் விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் எழுத்துகளைக் கோப்பது ஒரே ஹார்ஃப்பஸ் இயந்திரம்.

குறை இல்லாமல் இல்லை. லிப்ரே ஆபிஸின் தரவிறக்கம் ஓப்பன் ஆபிஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மழை நாளில் எங்கள் இணைய வேகத்துக்கு அது அரை நாள் வேலை. தரவுத்தளப் பகுதியை நான் தொட்டதே இல்லை, அதனால் அதில் எது தேவலை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது கணினி கிழடு. அதில் ஓப்பன் ஆபிஸே இருக்கிறது. கடைப் பையன் அடித்த கடிதத்தை, இரண்டு மென்பொருளும் படிக்கும் ஓடிடி (.odt) கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுவருகிறான், நான் டாக்எக்ஸ் ஆக்கி அனுப்புகிறேன்.