ஆளுக்கொரு வைஃபை கணக்கு: ரேடியஸ் சர்வரோடு குடித்தனம்

அலுவலக வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பதை விட்டுவிட்டு, ரேடியஸ் சர்வர் (யார் இணையலாம் என்று கணக்குகளைச் சரிபார்க்கும் கணினி) வைத்து ஆளுக்கொரு கணக்கு கொடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் எங்கள் அலுவலகத்தில் அப்படிப்பட்ட சர்வரின் அடையாளச் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டு, அதன் பலனை அனுபவித்தேன். பதிலில் சூடு இருந்தால் காரணம் அதுதான்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை மட்டும் முடக்கினால் போதும். அதைவிடப் பெரிய சுகம், நான் எதிர்பாராதது, வி-லேன் ஒதுக்கீடு: ஒரே வலையமைப்பைத் தனித்தனி வலைகளாகப் பிரித்து, ஆளைப் பார்த்து அனுப்புவது. கட்டடம் முழுக்க ஒரே வைஃபை பெயர். கணக்குப் பிரிவினர் இணைந்தால் தங்கள் வலைக்குப் போகிறார்கள், ஒப்பந்த ஊழியருக்கு இணையம் மட்டும். முன்பு பிரிவுக்கொரு பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு பெயரும் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை தன்னை அறிவித்து அலைவரிசையைத் தின்றுகொண்டிருந்தது.

இனி சான்றிதழ். கடவுச்சொல்லைக் கொடுக்கும் முன், எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று போன் சரிபார்க்கிறது. சரிபார்க்கத்தான் வேண்டும். கடவுச்சொல்லால் நுழையும் பீப் முறைக்குள் ஓடும், கடவுச்சொல்லைச் சோதிக்கும் எம்எஸ்-சாப் வி2 நெறிமுறையின் பலவீனம் 2012-இலேயே அம்பலமாகிவிட்டது. போலி ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) வைத்து அந்தப் பரிமாற்றத்தைப் பிடித்தவருக்கு, டெஸ் என்ற பழைய குறியாக்கத்தின் ஒரு சாவியை உடைப்பதுதான் மிச்ச வேலை. அதனால் ஆண்ட்ராய்டு 11, 2020 டிசம்பர் புதுப்பிப்பில் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற வாய்ப்பையே எடுத்தது நியாயம். அந்த நியாயத்துக்கான எடுபிடி வேலை மட்டும் என் மேசைக்கு வருகிறது.

ஆண்ட்ராய்டு திரையில் 'டொமைன்' என்று ஒரு கட்டம், சான்றிதழில் உள்ள சர்வர் பெயருக்காக. போனிலேயே உள்ள சான்றிதழ்களைத் தேர்ந்தெடுத்தால், அதை நிரப்பாதவரை 'சேமி' பொத்தான் மங்கியே கிடக்கும். ஒருவர் மின்னஞ்சல் முகவரியை இடுகிறார். இன்னொருவர் நிறுவன இணையதளத்தை இடுகிறார். இரண்டும் இணையாது. ஒருமுறை சரியாக இட்டுவிட்டால் புதுப்பித்தலை அந்தப் போன் கண்டுகொள்வதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஐபோன் அப்படியில்லை, சான்றிதழ் மாறியதும் மறுபடி கேட்கும். எல்லோரும் படிக்காமலே 'நம்பு' என்பதை அழுத்துகிறார்கள். போலிச் சர்வர் கேட்டாலும் அப்படித்தான் அழுத்துவார்கள். பிறகு எதற்கு இந்தச் சோதனை?

எல்லாக் கருவிகளும் ஏற்கெனவே நம்பும் வெளி நிறுவனங்கள் வழங்கும் பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2020 செப்டம்பரில் 398 நாளாகச் சுருங்கியது. 2026 மார்ச்சிலிருந்து 200, 2027 மார்ச்சிலிருந்து 100, 2029 மார்ச்சிலிருந்து 47 என்று விதி வகுத்தாயிற்று. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இந்தத் திருவிழாவை நடத்த என்னால் ஆகாது. சொந்தமாகச் சான்றிதழ் வழங்கிக்கொண்டால் ஆயுளை நாமே தீர்மானிக்கலாம். ஆனால் கருவிகள் அதை நம்புவதற்கு அடிப்படையான மூலச் சான்றிதழை ஒவ்வொரு கருவியிலும் ஏற்ற வேண்டும். அலுவலக மடிக்கணினி என்றால் மேலாண்மை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஊழியரின் சொந்தப் போனில் யார் ஏற்றுவது? எத்தனை ஆக்சஸ் பாயின்ட், எந்தச் சுவரில் என்று மணிக்கணக்கில் பேசும் திட்டக் கூட்டங்களில் இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: அலுவலகக் கருவிகளுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம், ஈஏபி-டிஎல்எஸ் முறையில் (கருவியும் தன் சான்றிதழைக் காட்டி நுழையும் முறை) சான்றிதழ் கொடுங்கள், சொந்தப் போன்களை விருந்தினர் வலைக்குத் தள்ளுங்கள். மேலிடம் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வம்பே வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு ஏற்பாட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஆனால் என்னைப் பழைய ஒற்றைக் கடவுச்சொல்லுக்குத் திரும்பச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவேன்.