திகில்கதை எழுதுபவருக்கு ஓர் அறை: டச்சு விரிகுடாப் பக்கத்து விடுதி ஒன்றின் மதிப்பீடு

திருகோணமலை விடுதிகளைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடுகள் பெரும்பாலும் கடற்கரை எவ்வளவு தூரம், காலையில் என்ன உணவு, குளிரூட்டி ஒழுங்காக இயங்குகிறதா என்ற மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகின்றன. உல்லாசப் பயணிகளுக்கு அவை போதும். பாடசாலை விடுமுறை தொடங்கியதும் மடிக்கணினியோடும் இரண்டு சி.ஆர். கொப்பிகளோடும் வந்து இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த தவணைக்கு முன் ஒரு திகில்கதையை எழுதி முடிக்கவேண்டிய என்னைப் போன்ற ஆசிரியருக்கு அவற்றால் பயன் இல்லை. ஆகவே, பல விடுமுறைகளில் நான் தங்கியிருக்கும் ஒரு சிறிய விருந்தினர் விடுதியை, எழுத்து வேலைக்கு அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன். விடுதியின் பெயரைக் குறிப்பிடவில்லை. பேய்க்கதை எழுதுபவர் வந்து தங்கும் வீடு என்ற பேச்சு பரவினால் பிள்ளைகுட்டிகளோடு வருபவர்கள் யோசிப்பார்கள் என்று உரிமையாளரான அம்மையார் சொன்னார். அவருடைய கவலை நியாயமானது.

விடுதி, டச்சு விரிகுடாக் கடற்கரைக்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. கீழே வீட்டார் குடியிருக்கிறார்கள். மேல்மாடியில் மூன்று அறைகள். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் கோட்டையைக் கட்டிய மலையடிவாரம் நடந்துபோகும் தூரத்தில் உள்ளது. மேலே ஏறினால், சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய கோணமாமலையும், இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவும், காதலனை ஏற்றிச்சென்ற கப்பலைப் பார்த்தபடி ஒல்லாந்துப் பெண்ணொருத்தி கடலில் குதித்தாள் என்று கதை வழங்கும் செங்குத்துப் பாறையும் இருக்கின்றன. இவ்வளவையும் அருகே வைத்துக்கொண்டு எழுதினால் பேய் தானாகவே வந்து கதையில் உட்கார்ந்துகொள்ளும் என்று நண்பர்கள் நம்புகிறார்கள். இந்த அறையை நான் மீண்டும் மீண்டும் தேடி வருவதற்குக் காரணம் வேறு. இங்கே பயப்படுவதற்கு எதுவுமே இல்லை.

இதைக் கேட்பவர்கள் வியப்படைவது உண்டு. திகில்கதை எழுதுபவர் பாழடைந்த வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் எழுதுவார் என்ற படம் வாசகர் மனத்தில் ஊறியிருக்கிறது. இந்தத் துறையில் பெயர்பெற்றவர்களின் வேலைநாளைப் பார்த்தால் அந்தப் படம் பொருந்துவதில்லை. ஸ்டீபன் கிங் 1974இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பருவம் முடிந்து மூடப்படும் நிலையில் இருந்த ஒரு மலை விடுதியில் ஓர் இரவு தங்கினார். 1977இல் வெளிவந்த அவருடைய 'த ஷைனிங்' நாவலுக்கு வித்து விழுந்தது அந்த இரவில்தான். நாவலை எழுதியதோ, தம் குடும்பத்தோடு அப்போது வசித்துவந்த பௌல்டர் நகரில். ட்ராகுலாவை 1897இல் வெளியிட்ட பிராம் ஸ்டோக்கர் லண்டனில் ஒரு நாடக அரங்கின் நிர்வாகியாகப் பகலும் இரவும் உழைத்தவர். கதை தொடங்கும் திரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை. 1890 கோடையில் விட்பி என்ற கடலோர ஊரில் விடுமுறையைக் கழித்தபோது அங்கிருந்த நூலகத்தில் குறிப்பெடுத்தார். வித்து எங்கேயும் விழலாம், அதற்கு ஓர் இரவு போதும். எழுதுவதற்கு மாதக்கணக்கான சாதாரண நாட்கள் வேண்டும். இந்த விடுதி விற்பது அத்தகைய சாதாரண நாட்களை.

அறை சிறியது. யன்னலோரத்தில் பழைய பாலை மர மேசை ஒன்று, இரண்டு கொப்பிகளையும் கணினியையும் விரித்துவைத்த பின்னும் தேநீர்க் கோப்பைக்கு இடம் விட்டுவைக்கும் அளவுக்கு அகலமாக இருக்கிறது. குழல்விளக்கு மேசைக்கு நேர் மேலே இருப்பதால் கையின் நிழல் தாளில் விழுவதில்லை. கதிரைதான் பெரும் குறை. முதுகுக்குச் சாய்வே இல்லாத பிளாஸ்டிக் கதிரை அது. காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் இடுப்பு பிடித்துவிடுகிறது. சொன்னால் தலையணை ஒன்று தருகிறார்கள், கதிரையை மாற்றுவதாகக் காணோம். ஒரு நாளின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கும் தொழிலில் இது சிறிய குறை அல்ல. கடற்காற்றின் உப்பு கணினியின் விசைகளுக்குள் இறங்குவதையும் சொல்லவேண்டும். மாலையில் யன்னலைச் சாத்திவைப்பது நல்லது. 2022இல் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற காலத்தில் வாங்கிய பற்றரி ஒன்று கீழே இருக்கிறது. மின்சாரம் போனாலும் ஒரு விளக்கும் விசிறியும் ஓடுகின்றன.

இந்த அறையின் உண்மையான மதிப்பு அதன் ஓசைகளில் இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரித்து எழுதுகிறேன். திகில்கதையில் அச்சத்தை உண்டாக்குவது பெரும்பாலும் காட்சி அல்ல. ஓர் ஓசை காதில் விழுவதற்கும் அது இன்னதென்று தெரிவதற்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி. அந்த இடைவெளியை எவ்வளவு நேரம் இழுக்கலாம், எந்த இடத்தில் அறுக்கவேண்டும் என்பதே பாதித் தொழில். அதைப் பழகுவதற்கு, முழு நிசப்தமும் இல்லாமல் பெரும் இரைச்சலும் இல்லாமல், ஓசைகள் ஒவ்வொன்றாக வந்துபோகும் இடம் வேண்டும். கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் ஊரடங்கிய பின் வீதிகளில் மேயவருவதைத் திருகோணமலைக்காரர் எல்லோரும் அறிவர். ஒழுங்கையில் கொட்டிய சரளைக்கல் மீது ஒரு மான் நடந்தால், கேட்கும் ஓசை மனிதக் காலடி போலவே இருக்கும். இரண்டு அடி வைக்கும், நிற்கும், பிறகு நெடுநேரம் ஒன்றுமே கேட்காது. ஆள் நடந்தால் அப்படி நிற்பதில்லை. முதலில் கேட்டபோது யன்னலைத் திறந்து பார்க்கத்தான் தோன்றியது. இப்போது பார்ப்பதில்லை, அந்த நிறுத்தத்தின் நீளத்தை மட்டும் கவனிக்கிறேன். என் கதைகளில் ஒன்றில் முற்றத்துக்கு வரும் காலடியோசை முழுக்க முழுக்க இந்த மான்களிடம் கற்றதுதான்.

விடியற்காலையில் கடலுக்குப் போகும் வள்ளங்களின் இயந்திர ஓசை, அதன்பின் பாங்கோசை, கோயில் மணி, கீழ்வீட்டில் தேங்காய் துருவும் ஓசை என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை நாள்தோறும் மாறாமல் வருவதால், மணிக்கூட்டைப் பார்க்காமலே எழுந்து மேசைக்குப் போகலாம். நான் மிகவும் அச்சமூட்டும் பகுதிகளைக் காலையில் எழுதி, இரவில் திருத்துகிறேன். இரவில் எழுதினால் அறையின் இருள் என் வாக்கியங்களுக்கு உதவிசெய்துவிடுகிறது. எழுதியது நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த இருள் அச்சில் ஏறிப் போகாதே. பேருந்தில் நின்றுகொண்டு, நண்பகல் வெயிலில் வாசிப்பவருக்கும் முதுகு சில்லிடவேண்டும் என்றால், வெயிலில் எழுதும்போதே அது எனக்குச் சில்லிட்டிருக்கவேண்டும். இந்த அறையின் கிழக்கு யன்னல் காலை வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதைக் குறையாகச் சொல்லித் தடித்த திரை கேட்கிறார்களாம்.

விடுதியின் விளம்பரத்தில் இல்லாத இன்னொரு வசதி உரிமையாளர் அம்மையார்தான். காலையில் பிட்டும் சொதியும், மதியம் மீன் குழம்போ கணவாய்க் கறியோ, இரவில் இடியப்பம். சமையல் நன்று, உறைப்பு சற்றுத் தூக்கல். உணவைவிட அவருடைய காது எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் அதிபராக இருந்த எம். ஆர். ஜேம்ஸ், தம் பேய்க்கதைகளை நத்தார் காலத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டினார். எனக்கு வாய்த்தது மாலையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மையார். ஒருமுறை, நள்ளிரவில் ஒரு பெண் கிணற்றடிக்குப் போகும் அத்தியாயத்தை வாசித்தபோது, கத்தியை நிறுத்தாமலே கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளை ஏன் தனியப் போறா? வீட்டில ஆக்கள் இருக்கினம்தானே. எங்கட பக்கத்தில ராவில ஒருத்தரும் அப்பிடிப் போகமாட்டினம்." கதையில் ஓர் ஆள் செய்யத் துணியாததைச் செய்தால், அந்தக் கணமே கேட்பவரின் பயம் விலகி, "இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்" என்ற எரிச்சல் வந்துவிடுகிறது. வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தையையும், காலியான குடத்தையும் வைத்த பிறகு அவள் கிணற்றடிக்குப் போகவேண்டியதாயிற்று, அம்மையாரும் ஒப்புக்கொண்டார். இன்னொரு கதையில் கொத்திப் பேயைக் கொண்டுவந்திருந்தேன். பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் பேய் எப்படி வரும், எதற்கு விலகும் என்று அவர் தம் பாட்டியிடம் கேட்டறிந்ததைச் சொன்னபோது, நான் எழுதியிருந்த பேய் ஏதோ வெளியூர்த் திரைப்படத்திலிருந்து இறங்கிவந்தது போலத் தெரிந்தது. நல்ல பதிப்பாசிரியர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்தாலும் இந்த அறிவு கிடைக்காது.

அவர் தாமாகப் பேய்க்கதை சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இந்த ஊரில் அப்படிக் கேட்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. நிலாவெளி வீதியிலுள்ள இரண்டாம் உலகப் போர் மயானத்தில் வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியதைப் பற்றி யாரும் தயக்கமின்றிப் பேசுவார்கள். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 வேறு. நீண்ட போர்க்காலம் அதிலும் வேறு. வீட்டுக்குத் திரும்பி வராதவருக்காக இன்றும் காத்திருப்பவர்கள் வாழும் தெருவில் உட்கார்ந்து, இறந்தவர் கதவைத் தட்டும் கதையை எழுதும்போது கை தானாகவே நின்று யோசிக்கிறது. யாருடைய வீட்டுத் துயரத்தையும் அடையாளம் தெரியும்படி எடுத்தாளக்கூடாது என்று எனக்கு ஒரு விதி உண்டு. மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்தத் தெருவே தெரிவதால், வசதியான சமயங்களில்கூட அந்த விதியை மறக்க முடிவதில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உப்புவெளிப் பக்கத்தில் வேறொரு விடுதியிலும் தங்கியிருக்கிறேன். பழைய பங்களா, ஓட்டுக்கூரை, முற்றத்தில் பெரிய ஆலமரம். வெளிநாட்டவருக்கு அமானுஷ்யச் சூழல் என்று சொல்லியே அதை விற்கிறார்கள். மேசை ஒப்பனைக்கானது, முழங்கால் உள்ளே போகாது. மங்கலான மஞ்சள் விளக்கில் எழுத்து தெரிவதில்லை. இரவு பதினொரு மணி வரை கடற்கரை உணவகத்தின் இசை அதிர்ந்துகொண்டிருந்தது. அங்கே நான் எழுதியது குறைவு, கிழித்தது அதிகம்.

பருவத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஆகஸ்ட் விடுமுறையில் கச்சான் காற்று அனலாக வீசும். கடல் அமைதியாக இருப்பதால் பயணிகளும் நிறைவர், வாடகையும் ஏறும். டிசம்பர் விடுமுறையில் வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், வெளியே போக மனம் வராது, மற்ற இரண்டு அறைகளும் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எழுதுபவருக்கு டிசம்பரே ஏற்றது. ஆனால் துணி காயாது, நுளம்பு பெருகும். நுளம்பு வலை தருகிறார்கள், அதில் இரண்டு இடங்களில் தையல் விட்டிருக்கிறது. மழைநாளில் கொப்பித் தாள் ஈரம் உறிஞ்சி மை பரவுவதால் குமிழ்முனைப் பேனா கொண்டுபோவது நல்லது.

வாடகை நாளொன்றுக்கு 4,000 ரூபாய், மூன்று வேளை உணவும் சேர்த்து. வாரக்கணக்கில் எடுத்தால் குறைத்துக்கொள்கிறார். மலிவு என்று பயணி சொல்வார். இலங்கையில் தமிழ்ப் புனைகதை நூல் பெரும்பாலும் 300 அல்லது 500 பிரதிகள்தான் அச்சாகிறது. அச்சுச் செலவையும் பல சமயங்களில் எழுதியவரே ஏற்று, வெளியீட்டு விழாவில் விற்கும் பிரதிகளைக் கொண்டு அதை மீட்கப் பார்க்கிறார். திகில்கதை என்றால் விழாவுக்குத் தலைமை தாங்கவே சிலர் தயங்குகிறார்கள். இலக்கியமா அது என்ற கேள்வியை மேடையிலேயே கேட்டவரும் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு வார வாடகையை நூல் திருப்பித் தராது. நான் இதைச் சம்பளத்திலிருந்து செலுத்துகிறேன், உல்லாசத்துக்குச் செலவிட்டதாகவே எழுதிக்கொள்கிறேன். முழுநேர எழுத்தை நம்பி இங்கே மாதக்கணக்கில் தங்க எண்ணுபவர் இதை முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பின்னிரவில் எழுதிப் பகலில் உறங்குபவர்களுக்கு இந்த விடுதி ஒத்துவராது. காலை ஆறு மணிக்குள் முழு வீடும் விழித்துவிடும், பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் அமளி மாடிவரை கேட்கும். அசைவம் உண்ணாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இணைய இணைப்பு கீழ்த்தளத்தில் மட்டும் நன்றாகக் கிடைக்கிறது, எனக்கு அது வரப்பிரசாதம். மூன்று அறைகளில் கிழக்கு மூலை அறையையே கேட்டு வாங்கவும். நடு அறையின் சுவருக்குப் பின்னால் நீர்த்தாங்கிக்கு ஏற்றும் மோட்டார் இருக்கிறது, அது எந்த நேரத்தில் இயங்கும் என்று வீட்டாருக்கே தெரியாது.